பெரிய காசின் இடம்

“டீ குடிச்சுப்போட்டு வந்தர்றனுங்க்கா, அதுக்குள்ள யோசிச்சு வைங்க” என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் தண்டபாணி நாற்காலியைத் தள்ளி எழுந்து போனபோது, இதில் யோசிக்க என்ன கிடக்கிறது என்றுதான் ஜெசிந்தாவுக்கு முதலில் தோன்றியது. அந்த மனுஷன் மண்டபத்து வாசலைத் தாண்டுவதற்குள், யோசிக்காமல் எப்படி முடியும் என்று ஆகிவிட்டது. மேஜையில் விரித்த நீலத் துணியில் இரண்டு காசுகள். இந்தப் பக்கம் இருப்பது அவளுடையது, சட்டைப் பொத்தான் அளவுக்கு, மீன் போட்ட வெண்கலக் காசு. அந்தப் பக்கம் அவருடையது, பாய்மரக் கப்பல் போட்ட பெரிய வெள்ளைக் காசு. இரண்டும் ஒரே நாட்டுக் காசு, ஒரே வருஷத்தில் அடித்தது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே ஒரு குட்டித் தீவு; பேரைச் சொன்னால் பூகோளம் எடுத்த வாத்தியார்களே முழிப்பார்கள். மீனைக் கொடு, பாய்மரத்தை எடுத்துக்கொள், அவ்வளவுதான் பேச்சு. அவளுடைய ஆல்பத்தில் அந்தத் தீவுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. சின்னதும் நடுத்தரமுமாக எல்லாக் காசும் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்க, கடைசியில் இருக்கும் பெரிய காசின் இடம் மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மீனைக் கொடுத்துவிட்டால் அதன் இடத்தில் வைக்க வேறொரு மீன், தேய்ந்துபோய் செதிலெல்லாம் வழித்துவிட்ட மாதிரி ஒன்று, வீட்டு டப்பாவில் இருக்கிறது. ஆக, கொடுத்தால் பக்கம் நிறைந்துவிடும். நிறைந்துவிடும் என்ற சொல்லை மனசுக்குள் சொன்னவுடனே நாக்கில் எச்சில் ஊறியது. சேகரிக்கிறவர்களுக்கு வருகிற இந்த நமைச்சலுக்கு எந்த டாக்டரும் களிம்பு எழுதித் தருவதில்லை.

மாற்றுக்கு வந்த காசை எதிராளியின் மேஜையிலேயே விட்டுவிட்டு டீக்குப் போவது இவர்களுக்குள் ஒரு வழக்கம். உங்களை நம்புகிறேன் என்று வாயால் சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு. ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கலாம், லென்ஸை வைத்துப் பார்க்கலாம், வேண்டுமானால் ஆல்பத்தில் பொருத்திக்கூடப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பொருத்திப் பார்க்கச் சொல்வதில்தான் சூட்சுமமே இருக்கிறது. வளையலைக் கையில் போட்டுப் பார்க்கச் சொல்கிற கடைக்காரன் மாதிரிதான். அதனால் ஜெசிந்தா ஆல்பத்தை மூடியே வைத்திருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி டக்டக்கென்று சுற்றியது. மாதா கோயிலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபம், இன்றைக்குக் காசுக் கண்காட்சிக்கு விட்டிருக்கிறார்கள். நேற்று இங்கே ஏதோ விசேஷம் நடந்திருக்க வேண்டும், சாம்பாரும் மல்லிகையும் கலந்த ஒரு வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு மேல் தூத்துக்குடியின் உப்புக் காற்று. வெண்கலத்துக்கு இந்த ஊர்க் காற்று சத்துரு. எத்தனை காசு கறுத்துப் போயிருக்கிறது, பச்சை பூத்திருக்கிறது. ஆனால் இந்த மீன் மட்டும் அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்த மாதிரி, அந்தப் புதுச் செம்புச் சிவப்பு துளி குறையாமல், எப்படித்தான் இத்தனை வருஷம் இருக்கிறதோ. அதைத்தான் தண்டபாணியும் கேட்டார். லென்ஸை எடுத்து ஒரு தடவை பார்த்தார், வைத்தார், மறுபடியும் எடுத்துப் பார்த்தார். “ஏனுங்க்கா, இது இந்தச் செவப்போட இருந்து நான் பாத்ததே இல்லீங்க” என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் தொல்லை, ஏமாற்றுகிறவராக இருந்தால் ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். “இது அதைக்காட்டியும் அரிதுங்க, நானே சொல்றேன், அதனாலதான் கேக்கறேன்” என்று வேறு சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லிக் கேட்கிறவனிடம் என்ன செய்ய முடியும்.

அரிது. காலையிலிருந்து இந்த மண்டபத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வாட்சப்பில் வந்ததாம், மாட்டுப் படம் போட்ட காசு இருந்தால் பங்களா வாங்கலாமாம், ஒரு அம்மா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து நின்றாள். அது பாத்திரக்கடையில் மீதிச் சில்லறையாகக் கொடுக்கிற காசும்மா என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு மனசு வரவில்லை, பத்திரமா வையுங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பழசெல்லாம் அரிது என்று நினைப்பு. குறைவாக அடித்ததெல்லாம் அரிது என்று இன்னொரு நினைப்பு, அது அவளுக்கே ரொம்ப நாள் இருந்தது. காட்லாக்கைத் திறந்து, இந்தக் காசு இத்தனை கோடி அடித்தார்கள், இது இத்தனை ஆயிரம்தான் என்று விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து, குறைவானதையெல்லாம் துரத்திக்கொண்டு திரிந்தாள். பிறகு பார்த்தால் அந்த ஆயிரமும் பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது, கேட்ட இடத்தில் கிடைக்கிறது. ஏன், கல்யாணக் கூறைச் சேலை எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கிறது. அதே வருஷம் அதே வீட்டில் தினமும் கட்டிக் கிழித்த வாயில் சேலை ஒன்று காட்டட்டும் பார்ப்போம். எத்தனை நெய்தார்கள் என்பதா பேச்சு, எத்தனை பேர் எடுத்து வைத்தார்கள் என்பதுதான். இந்த மீனைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். தீப்பெட்டிக்கும் மிட்டாய்க்கும் கொடுத்தார்கள், பாக்கெட் ஓட்டையில் தொலைத்தார்கள், பிறகு அரசாங்கம் புதுப் பணம் போட்டு, பழையதைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. யாரும் ஒன்றை எடுத்து வைக்க நினைக்கவில்லை. பாய்மரம் அழகான காசு, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுபோனார்கள். உலகத்தில் எங்கெங்கோ மேஜை டிராயர்களில் இருக்கிறது. பிறகு ஏன் அவளுக்கு இருபது வருஷமாகக் கிடைக்கவில்லை என்றால், விலை இல்லாத காசை எந்த வியாபாரியும் சுமந்துகொண்டு வருவதில்லை, அவ்வளவுதான். ஆகக் கணக்குத் தெளிவு. அரிதானதைக் கொடுத்து லேசானதை வாங்குவது முட்டாள்தனம். எவனாவது இப்படிச் செய்தால் அவளே சிரித்திருப்பாள். தெளிவாகத் தெரிந்தும் கை ஏன் ஆல்பத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது?

ஏனென்றால் அந்தக் காலி இடம் ஒரு காலி இடம் மட்டும் இல்லை. இதைத் தண்டபாணியிடம் சொல்ல முடியாது, யாரிடமும் சொன்னதில்லை. அவள் புருஷன் செலஸ்டின் கப்பலில் மோட்டார்மேன், எஞ்சின் அறை வேலை. கல்யாணமான புதிதில் ஒரு பயணம் முடிந்து வந்தவர், காலுறை ஒன்றைக் கட்டில்மேல் கவிழ்த்தார். சலசலவென்று காசுகள். “ஒனக்குச் சில்லற கொண்டாந்திருக்கேம்ட்டி” என்றார். சென்ட் பாட்டில் வரும், சேலை வரும் என்று பார்த்திருந்தவளுக்கு அழுகை வந்தது. அப்புறம் அவர் குளிக்கப் போன நேரம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் ஒட்டகம், ஒன்றில் ஈச்சமரம், ஒன்றில் மீசைக்கார ராஜா, ஒன்றில் எழுத்தா கோலமா என்றே தெரியாத வளைசல். அவர் துவட்டிக்கொண்டு வரும்போது அவள் தரையில் உட்கார்ந்து நாடு நாடாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாதாவே, அந்தக் காலுறை மட்டும் இல்லையென்றால் இந்த ஆயுசை எப்படித்தான் கழித்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. கட்டிய வீட்டைத் தாண்டிப் போகாதவளுக்கு உலகம் காலுறையில் வந்தது. ஒவ்வொரு பயணமும் காலுறை. ஆனால் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. எந்த நாடானாலும் சின்னக் காசு வரும், நடுத்தரம் வரும், ஆகப் பெரிய காசு மட்டும் வராது. ஒரு நாடு இல்லை, இரண்டு நாடு இல்லை, எல்லா நாட்டிலும் கடைசி இடம் காலி. பெரிய காசு எங்கே போகும்? துறைமுகத்தில் இறங்குகிற ஆம்பளைக்குப் பெரிய காசு எங்கே போகும் என்று தெரியாதா. அவர் குடிக்கிறவர்தான், அளவாக, சொல்லிவிட்டுக் குடிக்கிறவர். வேறு என்னென்னவோ நினைப்பும் வந்தது, அதை அவள் முழுசாக நினைக்கவிடவில்லை, பாதியிலேயே மூடிவைத்தாள். கேட்கவும் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம். பிறகு அந்த இடங்களை ஒவ்வொன்றாக, இவரிடம் மாற்றி அவரிடம் மாற்றி, அவளே நிரப்பினாள். நிரப்ப நிரப்ப அந்த நினைப்பும் மூடிக்கொண்டே வந்தது. மிச்சம் இந்த ஒன்று.

அதுவும் எந்தத் தீவு! அங்கே போன கப்பலைத்தான் முதலாளி கைவிட்டான். சம்பளம் இல்லை, கரையில் இறங்க அனுமதி இல்லை, தூரத்தில் நங்கூரம் போட்டு மாசக்கணக்காக நின்றது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான், போன் வரவில்லை. பக்கத்து வீடு எமரென்சியா டீச்சருடையது, அவர்கள் வீட்டில்தான் போன், அந்த நம்பரைத்தான் செலஸ்டினுக்குக் கொடுத்திருந்தாள். எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கூப்பிடுவார். டீச்சர் மதில் மேலே தலையை நீட்டி, ஜெசி ஓடி வா என்பார். அரைத்த கை, துவைத்த கை, எந்தக் கையோடும் ஓடுவாள். கம்பெனி போன்தான், நீ பாட்டுக்குப் பேசு, நம்ம காசா என்பார் செலஸ்டின். அவளும் பாட்டுக்குப் பேசுவாள். வீட்டில் இருக்கும்போது வாயில் கொழுக்கட்டை வைத்தமாதிரி இருக்கிற மனுஷன், போனில் மட்டும் அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தத் தீவிலிருந்து ஒரு தடவை வந்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோனது, அதோடு சரி. அந்த மாசங்களில் போன் வருமா என்று மதிலைப் பார்த்துக்கொண்டே சமைத்தாள். டீச்சர் துணி காயப்போட வந்து தலை தெரிந்தாலும் கரண்டி கையிலிருந்து நழுவும். கடைசியில் எலும்பும் தோலுமாக ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். காலுறையில்லை. சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இந்த மீன். வேறு காசுகளெல்லாம் பின்னால் அவள் தேடிச் சேர்த்தவை, இது மட்டும் அவர் கொண்டுவந்தது. அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டு அவள் ஒன்றுமே கேட்கவில்லை, ஆள் வந்தாரே, அது போதாதா. மீனைக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் அந்தக் காலி இடத்தை, அந்தத் தீவிலும் அவர் பெரிய காசைக் கொண்டுபோய் எதிலோ விட்டார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற அந்த வாயை, செத்துப்போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பதா? நிரப்பிவிட்டால் அது மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் நிம்மதி. நிம்மதிக்காக ஒரு முட்டாள்தனம் செய்தால் என்ன, ஊரில் ஆட்கள் இதைவிடப் பெரிய முட்டாள்தனமெல்லாம் செய்கிறார்கள். அவள் ஆல்பத்தைத் திறந்தாள். பாய்மரத்தை ஓரத்தில் பிடித்து எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. என்ன அழகு! கடவுளே, என்ன அழகாக இருக்கிறது. கொடுத்துவிடுவோம் என்று முடிவே செய்துவிட்டாள், தண்டபாணி வருகிறாரா என்று வாசலைப் பார்த்தாள், வந்தது செலஸ்டின்.

தூக்குவாளியும் இலைக்கட்டுமாக, லுங்கிக்குமேல் வெளுத்த சட்டை போட்டு, மேஜைகளுக்கு நடுவே யாரையும் இடிக்காமல் கப்பல் நடையில் வந்தார். எழுபதை நெருங்குகிற ஆளுக்கு இன்னும் அந்த நடை போகவில்லை. காசு விஷயத்தில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. செத்த காசுக்கு இவ்வளவு சோடனையா என்று கேலி செய்வார், ஆனால் கண்காட்சி நாளில் சோறு மட்டும் தவறாமல் வந்துவிடும். அதற்கும் அவள் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொள்வது உண்டு.

“சீலா மீன் கொழம்பு. ஆறதுக்குள்ள சாப்பிடு” என்று வாளியை மேஜைமேல் வைத்தவர், திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அவள் ஐயோ என்பதற்குள், குழம்பு வழிந்த கட்டைவிரலால் பாய்மரத்தைக் கிண்டி எடுத்துவிட்டார்.

“ஏங்க! அது அடுத்தவர் காசு. மொகத்துல வெரல வைக்காதீங்க!”

“ஏட்டி, இதுவா? இதக் காணவே இல்லன்னா இம்புட்டு நாளாத் தேடுன? எங்கிட்டச் சொல்லியிருந்தா எங்கன கெடக்குன்னு சொல்லியிருப்பம்லா.”

“எங்கன கெடக்கு?”

“டெலிபோன் பொட்டில. அந்தத் தீவுல கரைக்கு விட்ட அன்னைக்கு எங்கையில இருந்தது பூராவும் அதுக்குள்ளதான் போச்சு. பெரிய காசு போட்டாத்தான் இந்தியாவுக்குப் பேச விடும். எந்த ஊர்ப் பொட்டியும் அப்படித்தான்.”

ஜெசிந்தாவுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. “கம்பெனி போன்னுல்லா சொன்னீங்க?”

“காசு ஓடுதுன்னு தெரிஞ்சா நீ பேசுவியா? நல்லாருக்கேன், வச்சிருதேன்னுருவ. ஒன்னய எனக்குத் தெரியாதா” என்றார் செலஸ்டின், இலையைப் பிரித்துக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்.

அவள் காதுக்குள் அப்போது ஒரு சத்தம் கேட்டது. பேச்சுக்கு நடுவே, அந்தப் பக்கம், டொக் என்று ஒன்று விழும். ஒவ்வொரு தடவையும் விழும், எல்லாத் துறைமுகத்திலிருந்தும் விழும். அது என்னங்க சத்தம் என்று ஒரு தடவை கேட்டதற்குக் கடல் லைன் அப்படித்தான் என்றார், அவளும் கடலுக்கு அடியில் கம்பி பாறையில் தட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், எவ்வளவு பெரிய மண்டு. டொக். அவள் மீன் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது டொக். கரண்ட் போனதை, குழாயில் தண்ணீர் வராததை, அவருடைய அக்காள் ஜாடை பேசியதை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது டொக், டொக். ஒட்டகமும் ஈச்சமரமும் மீசை ராஜாவும் இருந்த அத்தனை நாட்டின் பெரிய காசுகளும் அவள் காதில்தான் விழுந்திருக்கின்றன. இவள் மதுக்கடையில் தேடினாள், அதைவிட மோசமான இடத்தில் தேடினாள். தேடியது இருக்கட்டும், ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்காமல் எத்தனை வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறாள், அவரும் எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார். வெட்கத்தில் முகம் காந்தியது, அந்தக் காந்தலுக்கு அடியிலிருந்து என்னவோ குளிர்ச்சியாக ஏறி வந்து கண்ணை மறைத்தது. நன்றி என்ற சொல்லை எடுத்து இந்த ஆளிடம் எப்படிக் கொடுப்பது, கொடுத்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார். உயிரோடு எதிரில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாரே. அதற்கே யாரிடம் போய் என்ன சொல்வது.

“அப்ப இந்த மீனு?” என்றாள். வெண்கலக் காசைத் துணியோடு அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அதுவா. பெரிய காசெல்லாம் தீந்துபோச்சு. இத ஒண்ணப் போட்டுப் பாத்தேன், பொட்டி வாங்கல, துப்பிருச்சு. அதுக்குள்ள லைனும் அறுந்துருச்சு. மறுபடி கரைக்கு விட்டா நாலு பெரிய காசு எவன்ட்டயாவது கடன் வாங்கி, இதையும் போட்டுப் பாக்கலாம்னு ஈயத்தாள்ல சுத்தி வச்சிருந்தேன். அப்புறம் எங்க கரைக்கு விட்டான்.” சோற்றைப் போட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கரண்டியை நிறுத்தினார். “கப்பல்ல நின்ன மாசமெல்லாம் இது ஒண்ணுதாம்ட்டி மண்டையக் கொடஞ்சிட்டே இருந்துச்சு. டீச்சர் வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்ருக்குன்ன. கெடாயா பெட்டையான்னு நாங் கேக்கேன், நீ சொல்ல வாயெடுத்த, அறுந்துபோச்சு. வந்தப்ப டீச்சரும் மாத்தலாகிப் போயிட்டாங்க, கேக்க மறந்தே போச்சு.”

“என்னங்க்கா, வெச்சுப் பாத்தீங்களா?” தண்டபாணி வந்துவிட்டார். கையில் பாதி கடித்த பஜ்ஜி. ஜெசிந்தா பாய்மரத்தைத் துணியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“மன்னிச்சுக்கோங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு கொழம்புக் கையால தொட்டுட்டாரு.”

தண்டபாணிக்கு முகம் ஒரு கணம் சுருங்கியது. சேகரிக்கிறவர் யாருக்கானாலும் சுருங்கும். பிறகு, “போவுதுங்க, அசிட்டோன்ல போட்டா எண்ணெ போயிருமுங்க” என்றார். “மாத்திக்கலாங்களா?”

“இல்ல தம்பி. மீன நான் குடுக்கல. ஒங்க காசும் வேண்டாம்.”

“ஏனுங்க, அந்த ஒண்ணு வந்தா உங்களுக்குப் பக்கம் நெறைஞ்சுருமுங்களே? வேற ஏதாச்சும் சேத்துத் தரட்டுங்களா?”

“வேண்டாம் தம்பி. அந்த எடத்துக்குக் காசு வேண்டாம்” என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போதே நமைச்சல் எங்கே போனது என்று தேடிப் பார்த்தாள், காணவில்லை. தண்டபாணி அவளைப் பார்த்தார், செலஸ்டினைப் பார்த்தார், என்ன விளங்கியதோ, மேற்கொண்டு கேட்காமல் தன் காசைத் துடைத்து எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். நல்ல மனுஷன்.

செலஸ்டின் இதையெல்லாம் கவனிக்காமல் மீனை முள்ளெடுத்து அவள் இலையில் வைத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டும் பெட்டைதாங்க” என்றாள். “ஒண்ணு முழுக் கறுப்பு. இன்னொண்ணுக்கு நெத்தியில வெள்ளை. அந்த வெள்ளை நெத்திக்காரி இருக்காளே, பொறந்த மறுமாசமே மதில் ஏறி நம்ம வீட்டுக்கு வந்துட்டா…”

“அப்புறம்?” என்றார் செலஸ்டின்.